வைட்டமின் டி குறைந்தால் பெருங்குடல் புற்றுநோய் வருமா? மாத்திரை போட்டால் தடுக்குமா?

#1 மணல்வீடு

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் தெளிவுபடுத்துங்கள்.

அப்பாவுக்கு 54 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நன்றாக இருக்கிறார். எனக்கு 43 வயது. கொஞ்ச நாளாகவே சோர்வு, வயிறு உப்பசம், சில வாரம் மலச்சிக்கல், சில வாரம் இளக்கம். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 நானோகிராம் என்று வந்தது. ஹீமோகுளோபினும் இரும்புச் சத்தும்கூடக் குறைவுதான். டாக்டர் வாரம் ஒன்று போடும் டி மாத்திரையும் தினமும் இரும்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. டி குறைவுதான் பெருங்குடல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம், தினமும் 10,000 யூனிட் எடுத்தால் வரவே வராது என்று. அப்பாவுக்கும் அந்தக் காலத்தில் டி குறைவாகத்தான் இருந்ததாம். இதில் எவ்வளவு உண்மை?

#2 வெயில்விரும்பி

முழுக்க உண்மை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடித்தளம் பலமானது நண்பரே.

இதை முதலில் கவனித்தவர்கள் செட்ரிக் கார்லண்ட், ஃபிராங்க் கார்லண்ட் என்ற அமெரிக்கச் சகோதரர்கள். அங்கே எந்தப் பகுதியில் எந்தப் புற்றுநோயால் அதிகம் பேர் இறக்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தார்கள். வெயில் குறைந்த வடகிழக்கில் பெருங்குடல் புற்றுநோய் இறப்பு அதிகம், வெயில் காயும் தெற்கிலும் தென்மேற்கிலும் குறைவு. வெயில் என்றால் வைட்டமின் டி, அது காரணமாக இருக்குமோ என்று 1980-ல் கட்டுரை எழுதினார்கள். 1985-ல் சிகாகோ தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஆண்களை 19 ஆண்டு தொடர்ந்த ஆய்வு வந்தது. உணவில் டி-யும் கால்சியமும் அதிகம் எடுத்தவர்களுக்கு நோய் குறைவு. 1989-ல் சேமித்து வைத்த ரத்தத்தையே எடுத்து அளந்து பார்த்தார்கள். 20 நானோகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

நான் டி எடுக்கத் தொடங்கியதிலிருந்து வயிறு சரியாக இருக்கிறது. விலை மலிவான மாத்திரை, யாருக்கும் பெரிய லாபம் கிடையாது. அதனால்தான் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

#3 எண்கணக்கு

யாரும் பேசுவதில்லையா? சத்து மாத்திரைகளிலேயே அதிகமாக ஆராயப்பட்டவற்றில் டி ஒன்று. பல பத்தாயிரம் பேரை வைத்துச் சோதனைகள் நடந்திருக்கின்றன. முடிவு நமக்குப் பிடித்த மாதிரி வரவில்லை என்பது வேறு விஷயம்.

கார்லண்ட் சகோதரர்களின் யோசனை அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் வரைபடத்தில் வெயில் மட்டுமா மாறுகிறது? உணவு, உடல் உழைப்பு, எடை, புகை, தொழில் எல்லாமே ஊருக்கு ஊர் மாறும். ரத்தத்தில் அளந்த ஆய்விலும் இதே சிக்கல்தான். டி நன்றாக உள்ளவர் வெளியே நடமாடுகிறவர், ஒல்லியானவர், பொதுவாக ஆரோக்கியமானவர். டி கொழுப்பில் போய்த் தங்குவதால் உடல் பருத்தவர்களுக்கு ரத்தத்தில் அளவு குறைவாகவே காட்டும். பருமன் தானாகவே பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒரு காரணி. அப்புறம் யாரைப் பிடிப்பது?

ஆகவே ஒரே வழி, ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு டி, மறு பாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்ப்பது. பார்த்தார்கள்.

2006-ல் வெளிவந்த விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் சோதனை: மாதவிடாய் நின்ற 36,282 பெண்கள், தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் டி-யும், சராசரியாக 7 ஆண்டு. மாத்திரை எடுத்தவர்களில் 168 பேருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய், எடுக்காதவர்களில் 154 பேருக்கு. வித்தியாசம் இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

வைட்டல் சோதனை: 25,871 பேர், தினமும் 2,000 யூனிட் டி3, ஐந்து ஆண்டுக்குச் சற்று மேல். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வந்தவர்கள் டி பிரிவில் 51, வெற்று மாத்திரைப் பிரிவில் 47.

இதுதான் நிலவரம்.

#4 வெயில்விரும்பி

எண்களை அடுக்கினால் போதாது சகோ, அவற்றைக் கிண்டிப் பார்க்க வேண்டும்.

முதல் சோதனையில் 400 யூனிட். அது குழந்தைக்குக் கொடுக்கும் அளவு! போதாததற்கு வெற்று மாத்திரைப் பிரிவில் இருந்தவர்களும் சொந்தமாகக் கால்சியம், டி வாங்கிச் சாப்பிட அனுமதி இருந்தது. வைட்டலில் சேர்ந்தவர்களின் சராசரி டி ஆரம்பத்திலேயே 30-க்கு மேல். 20-க்குக் கீழே இருந்தவர்கள் எட்டில் ஒருவர்தான். வயிறு நிறைந்தவனுக்குச் சோறு போட்டு, பார், சோற்றால் பசி தீரவில்லை என்பதா?

இன்னொன்று, சின்ன பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) புற்றுநோயாக மாறப் பத்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். ஐந்து ஆண்டுச் சோதனையில் என்ன தெரியும்?

#5 எண்கணக்கு

மூன்றும் நியாயமான கேள்விகள். வெறும் நம்பிக்கையில் பேசுகிறவர் இவ்வளவு தூரம் வரமாட்டார், அதற்கு ஒரு கும்பிடு.

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லவே ஒரு சோதனை நடந்தது. புற்றுநோய் வரும்வரை காத்திருக்காமல் பாலிப்பையே எண்ணினார்கள். ஏற்கெனவே அடினோமா (புற்றுநோயாக மாறக்கூடிய வகைப் பாலிப்) எடுத்துவிட்ட 2,259 பேர், தினமும் 1,000 யூனிட் டி, அல்லது 1,200 மில்லிகிராம் கால்சியம், அல்லது இரண்டும், அல்லது எதுவுமில்லை. மூன்று முதல் ஐந்து ஆண்டு கழித்துக் கொலோனாஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது. 2015-ல் முடிவு வந்தது: டி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அடினோமா திரும்ப வருவது ஒரே மாதிரி. அதே குழுவைப் பின்னர் தொடர்ந்து பார்த்தபோது, கால்சியம் எடுத்தவர்களுக்குச் செரேட்டட் என்ற வேறு வகைப் பாலிப் கொஞ்சம் அதிகமாக வந்தது. சத்து மாத்திரை என்றால் குறைந்தபட்சம் கெடுதல் செய்யாது என்ற எண்ணமும் அங்கே ஆட்டம் கண்டது.

அளவு போதவில்லை என்ற வாதத்துக்கு ஆஸ்திரேலியாவின் டி-ஹெல்த் சோதனை: 60 வயதைத் தாண்டிய 21,315 பேர், மாதம் ஒருமுறை 60,000 யூனிட், ஐந்து ஆண்டு. மொத்த இறப்பும் குறையவில்லை, புற்றுநோய் இறப்பும் குறையவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடுமையான குறைபாடு உள்ளவர்களை மட்டும் சேர்த்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பத்து ஆண்டு வேடிக்கை பார்க்க எந்த நெறிமுறைக் குழு சம்மதிக்கும்? ஆகையால் அதற்கு நேரடி விடை கிடைப்பது கஷ்டம். மறைமுகமாக ஒரு வழி உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே டி அளவைச் சற்று கூட்டியோ குறைத்தோ வைக்கும் மரபணுக்கள் இருக்கும். பிறப்பிலேயே நடக்கும் குலுக்கல் அது, வாழ்க்கை முறையோடு சம்பந்தமில்லை. அப்படிப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளிலும் குறைந்த டி உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை.

#6 கீழ்வானம்

அப்படியென்றால் டி-க்கும் குடலுக்கும் சம்பந்தமே இல்லை என்று முடித்துவிடலாமா?

#7 நுண்ணோக்கி

இல்லவே இல்லை. நான் செல் உயிரியலில் இருப்பவன், இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டி உண்மையில் ஒரு ஹார்மோனின் மூலப்பொருள். தோலில் உருவாகி, கல்லீரலில் ஒருமுறை மாறி (பரிசோதனையில் அளப்பது இந்த வடிவத்தைத்தான்), சிறுநீரகத்தில் இன்னொருமுறை மாறி, அப்புறம்தான் வேலை செய்யும் வடிவமாகிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உடலிலேயே மிக அடர்த்தியாக இருக்கும் இடங்களில் ஒன்று குடல். சிறுகுடலில் அதன் வேலை எல்லோருக்கும் தெரிந்தது: உணவிலுள்ள கால்சியத்தை உள்ளே இழுப்பது. டி போதுமான அளவு இருந்தால் சுமார் 30 சதவீதம் கால்சியம் உறிஞ்சப்படும், இல்லாவிட்டால் 10 முதல் 15 சதவீதம்தான்.

பெருங்குடல் கதை இதைவிட ருசியானது. அங்குள்ள செல்களுக்குச் சிறுநீரகத்தின் தயவு தேவையில்லை, கடைசி மாற்றத்தைத் தாங்களே செய்துகொள்ளும் நொதி அவற்றிடம் இருக்கிறது. பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களில் முதலில் கெடுவது ஏ.பி.சி. என்ற மரபணு. அது கெட்டால் பீட்டா-கேட்டினின் என்ற புரதம் கட்டுப்பாடில்லாமல் செல்லின் கருவுக்குள் போய், 'பெருகு, பெருகு' என்று கட்டளையிட ஆரம்பித்துவிடும். 2001-ல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள்: செயல்படும் டி-யைக் கொடுத்தால் அந்தப் புரதம் கருவை விட்டு வெளியேறி செல்லின் ஓரத்துக்குப் போகிறது, செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேடரின் கூடுகிறது, புற்றுச் செல்கள் கொஞ்சம் அடங்கி நடக்கின்றன.

2002-ல் இன்னொரு அழகான கண்டுபிடிப்பு. கொழுப்பைச் செரிக்கச் சுரக்கும் பித்த அமிலத்தைக் குடல் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது லித்தோகோலிக் அமிலம் என்ற நச்சுப் பொருள் உண்டாகிறது. பெருங்குடல் உட்சுவருக்கு அது ஆகாது. அந்த நச்சு வந்து ஒட்டுவதும் இதே டி ஏற்பியில்தான்! ஒட்டியதும் அந்த நச்சையே உடைக்கும் நொதி சுரக்கிறது. நஞ்சை அடையாளம் காணும் காவலும் அதுவே, மருந்தும் அதுவே. இதைப் படித்துவிட்டு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

சரி, இவ்வளவு இருந்தும் மாத்திரை ஏன் புற்றுநோயைத் தடுக்கவில்லை? என் கணிப்பு இரண்டு. முதலாவது, இந்த வேலைகளுக்குத் தேவையான அளவு மிகக் கொஞ்சம், பெரும்பாலோரிடம் அது ஏற்கெனவே இருக்கலாம். இரண்டாவது கணிப்பல்ல, ஆய்வகத்தில் பார்த்தது: புற்று முற்றும்போது ஸ்னெய்ல் என்ற புரதம் கிளம்பி டி ஏற்பி தயாராவதையே அடைத்துவிடுகிறது. கதவு இல்லாத வீட்டில் சாவியைப் பெருக்கி என்ன பயன்? ஆய்வகத் தட்டிலும் எலியிலும் வெற்றி பெற்று, மனிதரில் தோற்றவற்றின் பட்டியல் ரொம்பப் பெரியது.

#8 வெயில்விரும்பி

17 நீண்டகால ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த பெரிய பகுப்பாய்வு ஒன்று இருக்கிறதே, அதை எண்கணக்கு ஏன் சொல்லாமல் விட்டார்? 5,700-க்கும் மேற்பட்ட நோயாளிகள். 12 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஆபத்து 31 சதவீதம் கூடுதல். 30 முதல் 40 வரை இருந்தவர்களுக்குக் குறைவு.

இளம் வயதில் வரும் பெருங்குடல் புற்றுநோய் கூடிக்கொண்டே போகிறது. செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 450 யூனிட்டுக்கு மேல் டி எடுத்தவர்களுக்கு 50 வயதுக்குமுன் வரும் புற்றுநோய் ஏறக்குறையப் பாதி. இதையும் தள்ளிவிடுவீர்களா?

#9 எண்கணக்கு

தள்ளவில்லை. அந்தப் பகுப்பாய்வு நல்ல தரமானது, ரத்தம் எடுத்துப் பல ஆண்டுகள் கழித்து நோய் வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். 40-க்கு மேல் போனபோது கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 10,000 யூனிட் ஆசாமிகள் கவனிக்க வேண்டிய வரி அது. இளம்வயது ஆய்வில் மொத்தம் 111 நோயாளிகள்தான்.

நான் சொல்வது ஒன்றுதான். டி குறைவும் இந்த நோயும் சேர்ந்து நடமாடுகின்றன, அதில் சந்தேகமில்லை. ஒன்று மற்றதைக் கொண்டுவருகிறது என்பதற்குத்தான் சான்று போதவில்லை. உடலில் அழற்சி இருந்தாலே ரத்தத்தில் டி அளவு இறங்கிவிடும். நோயின் நிழலைக் காரணம் என்று பிடித்துக்கொண்டால் நிழலுக்குத்தான் வைத்தியம் பார்ப்போம்.

#10 ஊசிநூல்

எல்லோரும் நன்றாகப் பேசினீர்கள். ஆனால் முதல் பதிவை ஒருவராவது முழுசாகப் படித்தீர்களா?

நான் எண்டோஸ்கோப்பி பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலி. மணல்வீடு தம்பி, உங்கள் பதிவில் டி 14 என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஹீமோகுளோபினும் இரும்பும் குறைவு என்று ஓரமாகச் சொல்லிவிட்டுப் போனீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன்.

மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு இரும்பு குறைந்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்ததே. ஆணுக்கு அப்படியில்லை. ஆணுக்கு இரும்புக் குறைவால் ரத்தசோகை என்றால், குடலில் எங்காவது கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். குறிப்பாகப் பெருங்குடலின் வலப்பக்கம். அங்கே கசிந்தால் மலத்தில் சிவப்பாகத் தெரியாது, சோர்வு மட்டும்தான் வரும். அதோடு மலம் போகும் பழக்கம் மாறியிருக்கிறது, அப்பாவுக்கு 54-ல் புற்றுநோய். கொலோனாஸ்கோப்பி செய்தீர்களா?

பெற்றோருக்கு 60 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால், பிள்ளைகள் 40 வயதில், அல்லது பெற்றோருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பாக, எது முந்துகிறதோ அப்போது தொடங்க வேண்டும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்திருந்தாலும் 40-லேயே பார்த்திருக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கே இப்போது அமெரிக்காவில் 45-ல் தொடங்கச் சொல்கிறார்கள். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் காட்டும் பரிசோதனை தொந்தரவு இல்லாதவர்களுக்கு நல்லது, உங்களுக்கு அது போதாது. நேராகக் கொலோனாஸ்கோப்பிதான்.

இன்னொன்றும் கேளுங்கள். இரும்பும் டி-யும் ஒன்றாகக் குறைந்து, வயிறும் உப்பினால் சீலியாக் நோய் இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடலின் உட்சுவர் தேய்ந்துபோகும் நோய் அது. பரிசோதனைக்கு முன்னால் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும்.

#11 மணல்வீடு

அக்கா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. கொலோனாஸ்கோப்பி பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. நாளைக்கே டாக்டரிடம் போகிறேன்.

#12 எண்கணக்கு

செவிலி அம்மாவுக்கு நன்றி. இந்த இழையில் உருப்படியான பதிவு அதுதான்.

#13 பாதிக்குடல்

தலைப்பு கொஞ்சம் விலகுகிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்குக் குரோன் நோய் (குடலில் நீண்ட காலம் நீடிக்கும் அழற்சி), சிறுகுடலின் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டார்கள். பித்த அமிலம் திரும்ப உறிஞ்சப்படும் இடம் அதுதான். அது போனால் கொழுப்பு சரியாகச் செரிக்காது, கொழுப்பில் கரையும் டி-யும் கூடவே வெளியே போய்விடும். எனக்குச் சாதாரண அளவு மாத்திரை எதுவும் ஏறவில்லை, டாக்டர் அளவைக் கூட்டி, ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் நிலைக்குக் கொண்டுவந்தார்.

டென்மார்க்கில் குரோன் நோய் அடங்கியிருந்த 94 பேருக்கு ஓராண்டு ஒரு சோதனை நடந்தது. தினமும் 1,200 யூனிட் டி எடுத்தவர்களில் 13 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, எடுக்காதவர்களில் 29 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆட்கள் குறைவு என்பதால், தற்செயல் அல்ல என்று சொல்வதற்கான புள்ளியியல் கோட்டை மயிரிழையில் தொடாமல் போய்விட்டது. நீண்ட காலக் குடல் அழற்சி உள்ள எங்களுக்குப் புற்றுநோய் ஆபத்தும் கூடுதல். ஆனாலும் என் டாக்டர் டி-யை எலும்புக்காகத்தான் கொடுக்கிறேன் என்பார். ஸ்டீராய்டு எடுத்து எடுத்து எலும்பு போய்விட்டது.

வயிறு உப்பசம், ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் தொல்லை) என்று டி எடுக்கிறவர்களுக்கு: சோதனைகள் ஒரு முடிவுக்கு வரவில்லை. பிரிட்டனில் 135 பேரை வைத்துச் செய்ததில் ரத்தத்தில் டி ஏறியது, வயிறு அப்படியே இருந்தது.

#14 வெயில்விரும்பி

என் வயிறு சரியானது என் அனுபவம். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

#15 எண்கணக்கு

யாரும் பொய் என்று சொல்லவில்லை சகோ. ஐ.பி.எஸ். தானாகக் கூடிக் குறையும் தொல்லை, வெற்று மாத்திரைக்கே மூன்றில் ஒருவருக்குக் கேட்கும். உங்களுக்கு எது கேட்டது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

#16 தளர்நடை

நோய் வந்தவர்களுக்கு டி உதவுமா என்று யாராவது சொல்லுங்களேன். என் மனைவிக்கு மூன்றாம் நிலை, கீமோ நடக்கிறது. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

#17 நுண்ணோக்கி

ஐயா, உங்கள் நிலைமை புரிகிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

நோய் கண்டறியும்போது டி நன்றாக இருந்தவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் நோய் முற்றியவருக்கு டி குறைவது இயல்பு, அதனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. சன்ஷைன் என்ற அமெரிக்கச் சோதனையில், நோய் பரவிய 139 பேருக்குக் கீமோவோடு அதிக அளவு டி கொடுத்தார்கள், முதல் சுற்றில் நாளுக்கு 8,000, பிறகு 4,000 யூனிட். ஒப்பீட்டுப் பிரிவுக்கு 400. நோய் மேலும் வளராமல் நின்ற காலம் 13 மாதம், மற்றவர்களுக்கு 11 மாதம். நம்பிக்கை தரும் வித்தியாசம், உறுதி செய்யும் வித்தியாசம் அல்ல. ஜப்பானின் அமதெராசு சோதனையில் உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்த 417 பேர், நாளுக்கு 2,000 யூனிட். ஐந்து ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 77 சதவீதம், எதிர்ப்பக்கம் 69. இதுவும் கோட்டைத் தாண்டவில்லை.

எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்து, சோதனைகளைத் தொகுத்த 2019 பகுப்பாய்வு ஒன்றில் டி மாத்திரையால் புற்றுநோய் வருவது குறையவில்லை, ஆனால் புற்றுநோயால் இறப்பது 13 சதவீதம் குறைவாக இருந்தது. தினமும் சிறிதாக எடுத்த சோதனைகளில்தான் அந்தப் பலன், மாதக்கணக்கில் மொத்தமாக விழுங்கியவற்றில் இல்லை. என்னைக் கேட்டால் டி கதையில் இன்னும் திறந்திருக்கும் பக்கம் இதுதான்.

உங்கள் மனைவியின் புற்றுநோய் மருத்துவரிடம் டி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் அவரே சரிசெய்வார். நீங்களாக எதையும் சேர்க்க வேண்டாம், கீமோ நேரத்தில் என்னென்ன மாத்திரை உள்ளே போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

#18 தளர்நடை

நன்றி தம்பி. இப்படி யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

#19 நெறியாளர்

சில பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அளவு எழுதிக் கொடுப்பது இங்கே வேண்டாம். 50,000 யூனிட் தினமும் எடுங்கள் என்று எழுதியவருக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டுள்ளது.

#20 ஊசிநூல்

நெறியாளர் செய்தது சரி. டி அதிகமானால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதலில் சிக்குவதே குடல்தான். ரத்தத்தில் கால்சியம் ஏறும். மலச்சிக்கல், குமட்டல், பசியின்மை, தாகம், அடிக்கடி சிறுநீர், அப்புறம் குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு. மலச்சிக்கல் தீரட்டும் என்று டி-யைக் கூட்டி, அதனாலேயே மலச்சிக்கல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களுக்கு நாளுக்கு 600 யூனிட், 70 வயதைத் தாண்டினால் 800 போதும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. மருத்துவர் சொல்லாமல் 4,000-ஐத் தாண்டக் கூடாது. குறைபாட்டைச் சரிசெய்ய வாரம் ஒரு பெரிய மாத்திரை கொடுப்பது குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும். அதைத் தினசரி மாத்திரை என்று நினைத்து விழுங்கி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு, சீட்டை இரண்டு முறை படியுங்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு தடவை 5,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலியச் சோதனையில் வயதான பெண்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடத்தான் செய்தன. எலும்பைக் காக்கப் போய் எலும்பை முறித்த கதை. மேலே சொன்ன 36,282 பெண்களின் கால்சியம், டி சோதனையில் சிறுநீரகக் கல்லும் 17 சதவீதம் கூடியது.

#21 கீழ்வானம்

அப்போது பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்க எதுதான் உதவும்?

#22 எண்கணக்கு

பாலிப்பைப் பார்த்து எடுத்துவிடுவது. அதற்குப் பக்கத்தில்கூட எந்த மாத்திரையும் வராது. மற்றபடி புகை, மது, பருமன், பதப்படுத்திய இறைச்சி இவற்றைக் குறைப்பது, நார்ச்சத்து, நடை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் பதப்படுத்திய இறைச்சியை உறுதியான காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. தினமும் 50 கிராமுக்கு 18 சதவீதம் ஆபத்து கூடுகிறது என்றது. ஒன்றும் புதிதில்லை, அதனால்தான் யாரும் குடும்பக் குழுவில் அனுப்புவதில்லை.

#23 மணல்வீடு

எல்லோருக்கும் நன்றி. கொலோனாஸ்கோப்பியும், வாய் வழியாகக் கேமரா விட்டு இரைப்பையைப் பார்க்கும் மேல் எண்டோஸ்கோப்பியும் முடிந்தன. பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், குடல் கறுப்பாகிப் பார்வையை மறைக்குமாம். சீலியாக் இல்லை. பெருங்குடலின் வலப்பக்கம் 15 மில்லிமீட்டரில் ஒரு பாலிப், ஒரே துண்டாக எடுத்துவிட்டார்கள். அடினோமா, புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. மூன்று ஆண்டு கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள். இரும்பு ஏறுகிறதா என்று தொடர்ந்து பார்ப்பார்கள், ஏறாவிட்டால் சிறுகுடலையும் பார்க்க வேண்டுமாம்.

டி மாத்திரையைத் தொடரவா?

#24 வெயில்விரும்பி

நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி நண்பரே. ஆனால் கவனியுங்கள், டி 14, கூடவே பாலிப். நான் சொன்னது இதைத்தான்.

#25 எண்கணக்கு

அப்பாவுக்கு 54, கூடவே பாலிப். நான் அதைச் சொல்வேன்.

#26 ஊசிநூல்

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் இரண்டு பேரும்.

தம்பி, வயிற்றில் பால் வார்த்தீர்கள். டி-யை டாக்டர் சொன்ன வாரங்கள் வரை எடுத்து முடியுங்கள், 14 என்பது எலும்புக்கும் தசைக்கும் குறைவுதான். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருமுறை ரத்தம் பாருங்கள், அதற்கு முன்னால் பார்த்தால் சரியாகத் தெரியாது. பிறகு தினமும் சின்ன அளவு போதுமா என்று அவரே சொல்வார். பாலிப்புக்காக என்று எதையும் கூட்ட வேண்டாம்.

உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்களா?

#27 மணல்வீடு

ஒரு தம்பி, 38 வயது. அவனுக்கு 40 ஆனதும் பார்க்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன் அக்கா.

#28 ஊசிநூல்

40 வரை காத்திருக்க வேண்டாம். 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும் அடினோமா முற்றிய வகையில் சேரும், அதையும் குடும்ப வரலாறாகவே கணக்கில் எடுப்பார்கள். இப்போது உங்கள் வீட்டில் மிக இளைய வயதில் வந்தது உங்களுக்கு, 43-ல். அதிலிருந்து பத்தைக் கழித்தால் 33. தம்பி ஏற்கெனவே ஐந்து ஆண்டு தாமதம். உங்கள் பாலிப் அறிக்கையின் நகலையும் அப்பாவின் பழைய அறிக்கையையும் கையில் கொடுத்து அனுப்புங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.